சந்தையைப் பார்த்துவிட்டுக் குழம்பை முடிவு செய்யுங்கள்

போன ஆவணியில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு ஒரு தம்பி குடிவந்தான். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். சம்பளத்தில் பாதி ஹோட்டல் பார்சலுக்கே போகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது வாசலில் வந்து நின்று, "அக்கா, நானே சமைச்சுக்கலாம்னு இருக்கேன். என்னென்ன வாங்கணும்னு ஒரு லிஸ்ட் போட்டுத் தாங்களேன்" என்றான். மாடிவீட்டு அக்கா சிரித்தார். "லிஸ்ட்ட அங்க போயிப் போட்டுக்கலாம். நீயும் ஒரு பையை எடுத்துக்கிட்டு வாப்பா."

நாங்கள் என்றால் மூன்று பேர். மொட்டை மாடியில் தொட்டிகளோடு வாழும் மாடிவீட்டு அக்கா. மேலூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்த என் சிநேகிதி. காயைக் கையில் எடுத்ததும் பறித்து எத்தனை நாள் என்று சொல்லிவிடுவாள். மூன்றாவது ஆள் நான். கல்யாணத்துக்குப் பிறகு திட்டு வாங்கியே சமையல் கற்றுக்கொண்டவள், அதனால் எங்கெங்கே தப்பு வரும் என்பது எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்தத் தம்பிக்கு நாங்கள் நாலைந்து வாரம் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். மதுரையை வைத்து எழுதுகிறேன். உங்கள் ஊரில் சந்தையின் பெயர் வேறாக இருக்கும். கத்தரிக்காயைப் பார்த்து வாங்கும் விதம் ஒன்றுதான்.

முதலில் சொன்னது இதைத்தான்: இன்றைக்கு வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு சந்தைக்குப் போகாதீர்கள். அன்று வெண்டைக்காய் முத்தலாகவும் விலை கூடுதலாகவும் இருந்தால் முத்தலைத்தான் வாங்கி வருவீர்கள். "ஒரு புளிக்குழம்பு, ஒரு கூட்டு, ரெண்டு பொரியல்" என்ற அளவில் மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் எந்தக் காய் விழுகிறது என்பதைச் சந்தை சொல்லும்.

எங்கே, எப்போது

தமிழ்நாட்டில் புதிதாகக் காய் வாங்கப் பழகுகிறவருக்கு உழவர் சந்தையை விட நல்ல இடம் கிடையாது. முதல் உழவர் சந்தை எங்கள் மதுரை அண்ணா நகரில்தான் 1999 நவம்பர் 14 அன்று திறக்கப்பட்டது. அடையாள அட்டை பெற்ற விவசாயிகள் தாங்களே கொண்டுவந்து விற்கும் இடம். வாசலிலேயே கரும்பலகையில் அன்றைய விலை எழுதியிருக்கும். மொத்த விலைக்கு மேலே, வெளிக்கடை விலைக்குக் கீழே என்று கணக்குப் போட்டு வைத்த விலை அது. பேரம் பேசத் தெரியாதவருக்கு அந்தப் பலகையே போதும். உள்ளே எதுவும் வாங்காவிட்டாலும் பலகையை ஒரு தரம் படித்துவிட்டு வெளியே வந்தால், தெருமுனைத் தள்ளுவண்டியில் சொல்லும் விலை நியாயமா என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

ஆறு மணிக்குள் போய்விடுங்கள். எட்டு மணிக்குப் போனால் கீரையும் பிஞ்சுக் காய்களும் போயிருக்கும். பத்து மணிக்கு மேல் மிச்சம்தான் இருக்கும். மிச்சத்தைக் கூறு கட்டி மலிவாகக் கொடுப்பார்கள். அன்றைக்கே சமைக்கப் போகிறீர்கள் என்றால் அதுவும் லாபம்தான்.

மாட்டுத்தாவணி, பரவை மாதிரி மொத்த மார்க்கெட்டுக்குத் தனி ஆளாக இருப்பவர் போக வேண்டாம். அங்கே விலை குறைவு என்பது உண்மை. ஆனால் ஐந்து கிலோ தக்காளியை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? நான் ஒரு முறை மலிவு என்று அரைக் கூடை தூக்கிவந்து, மூன்றாம் நாள் தொக்கு கிண்டி, ஐந்தாம் நாள் அந்தத் தொக்கையும் குப்பையில் கொட்டியிருக்கிறேன். எண்ணெய் போதவில்லை, அதுதான் காரணம். மூன்று நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து போய்ப் பிரித்துக்கொள்வதென்றால் மொத்த மார்க்கெட் சரி.

கைப்பை இரண்டு வேண்டும். கனமான உருளை, பூசணி, தேங்காய்க்கு ஒன்று. தக்காளி, கீரை, வாழைப்பழத்துக்கு இன்னொன்று. 2019 ஜனவரி 1 முதல் கேரிபேக்குக்குத் தடை இருக்கிறது, ஆனாலும் சிலர் நீட்டத்தான் செய்வார்கள். கீரை அதில் வேர்த்து அழுகிவிடும் என்பதற்காகவாவது வாங்காதீர்கள். கல்யாண வீட்டுத் தாம்பூலத்தில் வந்த மஞ்சப்பையே போதும். சில்லறையும் கொண்டு போங்கள். போன் வழியாகப் பணம் அனுப்பும் அட்டை இப்போது கீரைக்காரம்மாவிடம்கூடத் தொங்குகிறது. ஆனால் விடிகாலையில் நெட் வராமல் நீங்கள் போனைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள்.

ஒரு சுற்று சும்மா

உள்ளே போனதும் எதையும் வாங்காமல் ஒரு முழுச் சுற்று நடங்கள். தம்பி முதல் கடையிலேயே குனிந்துவிட்டான். மேலூர்க்காரி அவன் பையைப் பிடித்து இழுத்தாள்.

"என்ன அவசரம்? கடைசிக் கடைல இதவிடப் பிஞ்சா இருந்தா என்ன செய்வ?"

"இது நல்லா இல்லையாக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. எல்லாக் கடைலயும் இது கெடக்கு பாரு, அதுதான் இன்னைக்கு உன் காய்."

எல்லாக் கடையிலும் எது குவிந்து கிடக்கிறதோ அது அந்த வாரத்து வரத்து. வரத்து கூடியிருந்தால் விலை இறங்கியிருக்கும், பறித்து நேரமும் ஆகியிருக்காது. ஒரே ஒரு கடையில் மட்டும் நாலு கிடந்தால் அது எங்கேயோ குளிர்ந்து கிடந்து வந்ததாக இருக்கும், விலையும் கூட. சுற்றும்போது மூன்று காய்களை மனதில் குறித்துக்கொள்ளுங்கள், குழம்பு தானாகவே அமையும்.

மாதம் தெரிந்தால் சுற்றாமலேயே பாதி தெரிந்துவிடும். மார்கழி, தையில் அவரை, மொச்சை, சிறுகிழங்கு, சர்க்கரைவள்ளி, பனங்கிழங்கு. பங்குனி, சித்திரையில் மாங்காய், வெள்ளரிப் பிஞ்சு, முருங்கை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தக்காளியும் கீரையும் விலை ஏறும். முருங்கையைத் தொடவே முடியாது, பூவெல்லாம் கொட்டிப் போயிருக்கும். காரணம் தெரியாமல் விலை ஏறியிருந்தால் காலண்டரைப் பாருங்கள். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் பீன்ஸ், கேரட், வாழை இலை ஏறும். புரட்டாசியில் கவிச்சி சாப்பிடாத வீடுகள் கூடுவதால் எல்லாக் காயுமே ஒரு படி மேலேதான். ஓணத்துக்கு முன்னால் ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்கு லாரிகள் போகும். அந்த வாரம் பூசணி, சேனை, புடலைக்குக் கேட்கவே வேண்டாம். நம்ம தம்பி சமைக்க ஆரம்பித்ததே ஆவணிக் கடைசி, புரட்டாசி. "நேரம் பாத்து ஆரம்பிச்சிருக்க" என்று அக்கா கிண்டல் செய்தார்.

கையால் பார்த்து வாங்குவது

கத்தரிக்காய். இதில் தேறினால் மற்றதெல்லாம் எளிது. காம்புத் தொப்பி பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பு ஏறியிருந்தால் பறித்து நாளாகிவிட்டது. தோல் மினுமினுப்பாக இருக்க வேண்டும். ஒரே அளவில் இரண்டு காயை இரண்டு கையில் எடுங்கள். கனமாக இருப்பது விதை பிடித்தது, லேசாக இருப்பது பிஞ்சு. கடைசியாக, ஊசி குத்தின மாதிரி ஓட்டை இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். இருந்தால் உள்ளே புழு. ஓட்டையே இல்லாத கூடை கிடைத்தால் மருந்து நிறைய அடித்திருப்பார்கள் என்று மேலூர்க்காரி சொல்வாள். அதனால் பத்துக் காயில் ஒன்று சொத்தை என்றால் அவள் கோபப்படுவதே இல்லை. குழம்புக்குச் சின்ன உருண்டைக் காய். சுட்டுப் பிசைவதற்குப் பெரிய காய்.

வெண்டைக்காய். நுனியை ஒடித்துப் பார்ப்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் கடைக்காரம்மாக்களுக்கு எரிச்சல். ஒடித்த காயை வேறு யார் வாங்குவார்கள்? "ஒடச்சு ஒடச்சுப் பாத்தா நான் யாருகிட்டத்தா விக்கிறது?" என்று ஒரு பாட்டி என்னிடமே கேட்டிருக்கிறார். ஒடிக்காமலேயே பார்க்கலாம். விரல் நீளத்துக்கு மேல் போகக் கூடாது. மேலே பூனை மயிர் போல மெல்லிய சுணை இருக்க வேண்டும். நுனியை லேசாக வளைத்தால் விறைப்பாக நிற்க வேண்டும். நார் மாதிரி துவண்டால் முத்தல்.

முருங்கைக்காய். இரண்டு முனையையும் பிடித்துத் துணி பிழிவது போல மெல்ல முறுக்குங்கள். வளைந்து கொடுத்தால் சதைப் பிடிப்பு உண்டு. விறைத்து நின்றால் உள்ளே விதை கட்டிவிட்டது. பென்சில் மாதிரி ஒல்லியானதும் வேண்டாம், மெல்லுவதற்குத் தோல்தான் இருக்கும்.

சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய் மூன்றும் கைக்கு லேசாக, தோல் இளம்பச்சையாக இருக்க வேண்டும். சுரையில் நகம் சுலபமாக இறங்க வேண்டும். ஆனால் வாங்குவதை விட முக்கியம், வீட்டுக்கு வந்து நறுக்கியதும் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்ப்பது. கசந்தால் மொத்தத்தையும் தூர எறியுங்கள். பாகற்காயின் கசப்பு வேறு, இது வேறு. சுரை, பீர்க்கு, வெள்ளரி வகையில் இப்படிக் கசந்தால் அதில் நச்சு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. எங்கள் வீட்டில் ஒரு முறை "புளி ஊத்தினா சரியாயிடும்" என்று நினைத்துச் சமைத்து, ராத்திரி முழுக்க வாந்தி எடுத்துக் கிடந்தோம். இருபது ரூபாய்க் காய். அதன் பிறகு நறுக்கும்போது நாக்கில் வைக்காமல் நான் சுரையை அடுப்பில் ஏற்றியதே இல்லை.

தக்காளியில் நாட்டுத் தக்காளியும் பெங்களூர்த் தக்காளியும் இரண்டும் வாங்கப் பழகுங்கள். நாட்டுத் தக்காளி புளிக்கும், சாறு விடும். ரசத்துக்கும் குழம்புக்கும் அதுதான். இரண்டு மூன்று நாளில் குழைந்துவிடும். தோல் தடித்த பெங்களூர்த் தக்காளி ஒரு வாரம் தாங்கும், சட்னிக்கு நிறம் கொடுக்கும், புளிப்பு குறைவு. வாங்கும்போது பாதி பழமாகவும் பாதி செங்காயாகவும் எடுத்தால் வாரக் கடைசி வரை வரிசையாகப் பழுக்கும். செங்காயை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், ருசியே ஏறாமல் நின்றுபோகும்.

சின்ன வெங்காயம் வாங்கும்போது கழுத்தைக் கிள்ளிப் பாருங்கள்; ஈரமாக, பச்சையாக இருந்தால் புது வெங்காயம், நாலு நாளில் அழுகத் தொடங்கும். சருகு சலசலக்க வேண்டும். உருளையில் பச்சை படர்ந்ததும் முளை விட்டதும் வேண்டாம். பச்சை நிறம் வெயில் பட்டு வந்தது, அதோடு நச்சும் வரும். தேங்காயைக் காதருகே ஆட்டினால் தண்ணீர்ச் சத்தம் வர வேண்டும், கண் காய்ந்து பூசணம் இல்லாமல் இருக்க வேண்டும். குடுமியோடு இருப்பதை வாங்கினால் பல நாள் இருக்கும். பூண்டில் கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் கொஞ்சமாவது வாங்குங்கள். காரமும் மணமும் அதிகம், புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. வாழைப்பழத்தில் அதே மாதிரி சிறுமலைப் பழம். தோல் கறுத்துச் சுருங்கின பிறகுதான் அது இனிக்கும். தம்பி அழுகிவிட்டதென்று தூக்கிப்போடப் போனான், நல்லவேளை அக்கா பார்த்துவிட்டார்.

கீரைக்கு ஒரு வார்த்தை. வேரோடு, மண்ணோடு இருக்கும் கட்டை எடுங்கள். இலையில் ஓரிரு ஓட்டை இருந்தால் பரவாயில்லை, பூச்சி தின்றது நாமும் தின்னலாம். தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பளபளவென்று வைத்திருக்கும் கட்டை விரித்து நடுவில் பாருங்கள். அங்கேதான் அழுகல் இருக்கும்.

பேச்சு

காலையில் முதல் வியாபாரத்துக்குப் போணி என்று பெயர். "இன்னும் போணி ஆகல தாயி" என்று சொன்னால் அவரிடம் பேரம் பேசாதீர்கள். முதல் ஆள் வாங்காமல் போனால் அன்று முழுக்க விற்காது என்பது அவர்கள் நம்பிக்கை. உழவர் சந்தைக்குள் பேரத்துக்கு வேலையே இல்லை. வெளியே சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் அம்மாக்களிடம் ஐந்து ரூபாய்க்குச் சண்டை போடுவது எனக்குப் பிடிக்காது. அதே ஆள் மாலில் ஸ்டிக்கர் விலையை மூச்சுவிடாமல் கொடுத்துவிட்டு வருவார். விலை குறைப்பதை விடக் கொசுறு கேளுங்கள். ஒரு கொத்துக் கறிவேப்பிலை, நாலு பச்சை மிளகாய், கொஞ்சம் மல்லித்தழை. கொடுப்பவருக்கும் அதில் ஒரு சந்தோஷம் உண்டு. மூன்று வாரம் ஒரே ஆளிடம் வாங்கினால், நாலாவது வாரம் "இன்னைக்கு அது வேணாம் தம்பி, முத்தலு, இத எடு" என்று அவரே சொல்வார். நான் எழுதியிருக்கும் இந்தப் பக்கங்களை விட அது பெரிய உதவி.

ஒருவருக்கோ இருவருக்கோ ஒரு வாரத்துக்கு நாங்கள் தம்பிக்குச் சொன்ன அளவு: தக்காளி ஒரு கிலோ, சின்ன வெங்காயம் அரைக் கிலோ, பெரிய வெங்காயம் அரைக் கிலோ, ஐந்து வகைக் காய் கால் கால் கிலோ, கீரை இரண்டு கட்டு, தேங்காய் ஒன்று, இஞ்சி பூண்டு பச்சை மிளகாய் நூறு நூறு கிராம். "இது காணுமாக்கா?" என்று கேட்டான். கண்டது. புதன்கிழமை ஆபீஸில் யாரோ பிறந்த நாள் விருந்து வைத்ததில் மிச்சமும் ஆனது.

வீட்டுக்கு வந்ததும்

வந்த களைப்பில் பையை அப்படியே ஃபிரிட்ஜுக்குள் தள்ளுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. அரை மணி நேரம் ஒதுக்கிப் பேப்பர் விரித்து உட்காருங்கள். யாராவது கூட இருந்தால் பேசிக்கொண்டே முடிந்துவிடும். எங்கள் மூன்று பேருக்கும் ஊர்க்கதையெல்லாம் கீரை ஆயும்போதுதான்.

கீரைக்கட்டை அவிழ்த்து, வேரை வெட்டி, அழுகலைக் கழித்து, கழுவாமல் துணியிலோ செய்தித்தாளிலோ சுற்றி வையுங்கள். கழுவி வைத்தால் மறுநாளே கறுக்கும். மல்லித்தழையும் அப்படித்தான். புதினாவில் மட்டும் நாலு தண்டை எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள், அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். பச்சை மிளகாய்க்குக் காம்பைக் கிள்ளிவிட்டு டப்பாவில் போட்டால் நாள் தாங்கும். வெங்காயமும் உருளையும் காற்றோட்டமான இருட்டு மூலையில், ஆனால் தனித்தனிக் கூடையில். இரண்டும் ஒரே கூடையில் கிடந்தால் உருளை சீக்கிரம் முளைவிடும்.

பிறகு எதை முதலில் சமைப்பது என்ற வரிசை. ஞாயிறு, திங்களில் கீரை, வாழைப்பூ. அடுத்து வெண்டை, கத்தரி, பீர்க்கு. வாரத்தின் நடுவில் அவரை, பீன்ஸ், முட்டைக்கோஸ். கடைசிக்குப் பூசணி, சேனை, உருளை. இந்த வரிசையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டால், காலையில் அரைத் தூக்கத்தில் யோசிக்க வேண்டியதில்லை.

மூன்று செய்முறை

நூறு வேண்டாம், மூன்று போதும். எந்தக் காய் கிடைத்தாலும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கும்.

பொரியல். எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், கறிவேப்பிலை. அதில் பொடியாக நறுக்கிய வெங்காயம், பிறகு காய். அவரை, பீன்ஸ், கோஸுக்கு ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி வையுங்கள். வெண்டைக்கு மட்டும் தண்ணீரும் வேண்டாம், மூடியும் வேண்டாம். கழுவித் துடைத்து ஈரம் போன பிறகு நறுக்கி, உப்பைக் கடைசியில் போட்டால் கொழகொழப்பு வராது. இறக்கும்போது தேங்காய்த் துருவல். கீரையை மூடாமல் வேகவைத்தால் நிறம் மாறாது. உப்பைக் குறைவாகப் போட்டு ஆரம்பியுங்கள், வெந்தபின் கால் பங்காகச் சுருங்கிவிடும்.

கூட்டு. கால் டம்ளர் பாசிப்பருப்பை மஞ்சள்தூளோடு முக்கால் பதம் வேகவிட்டு, சுரை, பீர்க்கு, புடலை, பூசணி என்று நீர்க்காய் எதையாவது போடுங்கள். தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்து ஊற்றி ஒரு கொதி. தாளிப்பு. முடிந்தது. தம்பி முதலில் வெற்றிகரமாகச் செய்தது இதைத்தான், பீர்க்கங்காயில். பீர்க்கின் தோலைச் சீவிக் குப்பையில் போட்டுவிட்டான். அதை எண்ணெயில் வதக்கி உளுந்து, மிளகாய், துளி புளி வைத்து அரைத்தால் துவையல். அந்தத் துவையலுக்காகவே நான் பீர்க்கு வாங்குவேன்.

புளிக்குழம்பு. இதில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். இரண்டு பேருக்குச் சின்ன எலுமிச்சை அளவு புளியை வெந்நீரில் ஊறவையுங்கள். வாணலியில் நல்லெண்ணெய் தாராளமாக, மூன்று மேசைக்கரண்டி. வேறு எண்ணெயில் இந்த மணம் வராது. கடுகு, அரைத் தேக்கரண்டி வெந்தயம். வெந்தயம் சிவந்தால் போதும், கறுத்தால் குழம்பு கசக்கும். பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு முழுசாக வதங்கட்டும். கால் கிலோ கத்தரிக்காயை நாலாகப் பிளந்து அதே எண்ணெயில் தோல் சுருங்கும் வரை புரட்டுங்கள். இரண்டு தக்காளி கரைந்ததும் ஒன்றரைத் தேக்கரண்டி குழம்புத்தூள், உப்பு. பிறகுதான் புளிக்கரைசல். நன்றாகக் கொதித்ததும் தீயைக் குறைத்து, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மிதக்கும் வரை விடுங்கள். கால் மணி நேரம் பிடிக்கும். புதியவர்கள் ஐந்து நிமிஷத்தில் இறக்கிவிட்டு, "பச்சைப் புளி வாசம் அடிக்குது" என்கிறார்கள். அடிக்கத்தான் செய்யும். புளிப்பு தூக்கலாக இருந்தால் சுண்டைக்காய் அளவு வெல்லம். காலையில் வைத்த குழம்பு ராத்திரிக்கு இன்னும் நன்றாக இருக்கும். மறுநாள் தோசைக்கும் வரும்.

வாழைப்பூவும் சேனையும் கொஞ்சம் கழித்து முயலுங்கள். வாழைப்பூவில் ஒவ்வொரு பூவிலும் விறைப்பாக ஒரு நரம்பு இருக்கும், கள்ளன் என்போம். அதையும் கண்ணாடி போன்ற சின்ன மடலையும் உருவி எடுக்காவிட்டால் வேகவே வேகாது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு ஆய்ந்து, நறுக்கியதை மோர்த் தண்ணீரில் போடுங்கள். சேனைக்குப் புளித்தண்ணீர், இல்லாவிட்டால் நாக்கு அரிக்கும்.

நாலு தொட்டி

மாடிவீட்டு அக்காவிடம் கேட்டால், இந்த வழிகாட்டியையே தொட்டியில் இருந்துதான் ஆரம்பித்திருப்பார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாலு தொட்டியை வைத்துக்கொண்டு குடும்பத்துக்குக் காய் எடுக்க முடியாது. சந்தையில் கொஞ்சமாகக் கிடைக்காத, ஆனால் தினமும் கொஞ்சம் வேண்டியிருக்கிற சாமான்களுக்குத்தான் தொட்டி: கறிவேப்பிலை, பச்சை மிளகாய், புதினா, ஒரு கீரை. இந்த நாலிலிருந்து தொடங்குங்கள்.

மண் கலவை அக்கா சொன்னபடி: செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மட்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, மேலே ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. வெறும் தோட்டத்து மண்ணைக் கொட்டினால் ஒரே மாதத்தில் செங்கல்லாக இறுகிவிடும். தொட்டியைத் தரையில் வைக்காமல் செங்கல் மீதோ ஸ்டாண்டிலோ வையுங்கள். தண்ணீர் தேங்கித் தளம் ஒழுகினால் வீட்டுக்காரர் தொட்டியோடு சேர்த்து உங்களையும் இறக்கிவிடுவார்.

டம்ளரில் நிறுத்திய புதினாத் தண்டில் ஒரு வாரம், பத்து நாளில் வெள்ளை வேர் விடும். அதை நட்டால் உங்கள் முதல் பயிர் தயார், செலவு பூஜ்யம். அரை நிழல் அதற்குப் போதும். அடுத்தது வெந்தயக் கீரை. அஞ்சறைப் பெட்டி வெந்தயத்தை ஒரு ராத்திரி ஊறவைத்துத் தூவினால் மூன்று வாரத்தில் பறிக்கலாம். மல்லி விதையை உருட்டி இரண்டாகப் பிளந்துதான் போட வேண்டும், முளைக்கப் பத்து நாளாவது ஆகும், பொறுங்கள். கறிவேப்பிலைக்குப் பொறுமை இன்னும் அதிகம் வேண்டும். முதல் வருஷம் பறிக்காமல் நுனியை மட்டும் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை விடும். வீட்டில் புளித்துப்போன மோரைத் தண்ணீர் சேர்த்து ஊற்றினால் அது தளதளவென்று வரும் என்பது எங்கள் தெருவே ஒத்துக்கொண்ட வைத்தியம்.

மிளகாய்ச் செடியில் இலை சுருண்டு, அடியில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. முதல் நாளே பார்த்துவிட்டால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். மிஞ்சினால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

காய்ச்செடிகளுக்கு ஆசை வந்தால் ஆடி வரை காத்திருங்கள். "ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது மொட்டை மாடிக்கும் பொருந்தும். விதைத்த வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். ஒரு செடியில் இன்று இரண்டு, நாளை மூன்று என்று வரும். ஆறு செடி இருந்தால்தான் ஒரு வேளைப் பொரியல் தேறும். கத்தரிக்கு நாற்று நட்டு இரண்டு மாதம். காய்ப்பு ஓய்ந்ததும் கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிவிட்டு, உரம் வைத்தால் அதே செடி மறுபடி துளிர்த்துக் காய்க்கும். அக்கா வீட்டில் கத்தரி காய்த்துத் தள்ளும் மாதங்களில் நாங்கள் யாருமே சந்தையில் கத்தரி வாங்குவதில்லை. அவர் கிண்ணத்தில் கொண்டுவருவார். அந்தக் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதால் அன்றைக்கு நான் என்ன சமைத்தேனோ அது மேலே போகும். மேலூர்க்காரி ஊரிலிருந்து மொச்சை கொண்டுவந்தாலும் இதே கதைதான்.

சனிக்கிழமை

வாரம் முடியும்போது மிச்சம் இருக்கும்: அரை முருங்கைக்காய், இரண்டு கத்தரி, ஒரு துண்டுப் பூசணி, நாலு அவரை, குழையப் போகிற தக்காளி. எல்லாவற்றையும் ஒரே அளவாக நறுக்கி, வேக நேரம் ஆகிறதை முதலில் போட்டு, துவரம்பருப்பில் கதம்ப சாம்பார் வையுங்கள். ஐந்து காய் சேர்ந்த மணத்துக்குத் தனியாகப் பொடி எதுவும் தேவைப்படாது. ஃபிரிட்ஜின் காய்த் தட்டை அன்று கழுவித் துடைத்துக் காயவையுங்கள், ஈரம் இருந்தால் அடுத்த வாரக் கீரை அழுகும்.

மூன்றாவது மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி தம்பி ஒரு கிண்ணத்தோடு மேலே வந்தான். கதம்ப சாம்பார். உப்பு ஒரு சிட்டிகை கூட, பூசணி குழைந்திருந்தது, ஆனால் புளி வாசம் இல்லை. "நாளைக்கு என்னக்கா வாங்கலாம்?" என்று கேட்டான். மாடிவீட்டு அக்கா சாம்பாரை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டே, "அஞ்சே முக்காலுக்குக் கீழ நில்லு" என்றார்.